இணையவழி வரன் தேடலில் ஒளிப்படத் திருத்தம்

இணையவழி வரன் தேடலில் ஒளிப்படத் திருத்தம் என்பது, திருமணத் தகவல் இணையதளங்களிலும் துணை தேடும் செயலிகளிலும் இடப்படும் ஒளிப்படங்களை, ஒருவருடைய தோற்றம் உள்ளதைவிட மேம்பட்டுத் தெரியும் வகையில் மாற்றியமைக்கும் வழக்கத்தையும், அம்மாற்றம் பார்ப்பவரின் மனத்தில் தோன்றும் முதல் எண்ணத்தின் மீது செலுத்தும் தாக்கத்தையும் குறிக்கும். தோலின் நிறத்தை வெளுப்பாக்குதல், பரு, தழும்பு முதலியவற்றை நீக்குதல், முகத்தை மெலிதாக்குதல் ஆகியன பரவலாகச் செய்யப்படும் திருத்தங்கள் ஆகும்.

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் கணினியுடன் தோன்றியதன்று. ஒளிப்பட நிலையங்களில் "டச்சிங்" என்று அழைக்கப்பட்ட கைவேலையின் தொடர்ச்சியாகவே இதனைக் கருதலாம். எனினும், இணையத்தின் வருகைக்குப் பின்னர் வரன் தேடலில் ஒளிப்படம் வகிக்கும் இடம் மாறியுள்ளது. பல படிகளில் ஒன்றாக இருந்த ஒளிப்படம், யாரை நேரில் சென்று பார்ப்பது, யாரைப் பார்க்காமலே விலக்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்யும் சல்லடையாக ஆகியுள்ளது.

பின்னணி

பெற்றோர் ஏற்பாடு செய்யும் திருமணங்களில் வரன் பார்த்தல் பல படிகளைக் கொண்டது. தரகரோ உறவினரோ ஜாதகத்தையும் ஒளிப்படத்தையும் கொண்டு வருவர். ஜாதகப் பொருத்தம் பார்க்கப்படும். ஊரில் விசாரிக்கப்படும். அதன் பின்னரே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவர். இவ்வரிசையில் ஒளிப்படத்தின் பணி அறிமுகம் செய்வது மட்டுமே.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு ஆகிய இரு அணைகள் அமைந்துள்ள பிளவக்கல், அதனையடுத்த வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்கள் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. இத்தகைய ஒரு வட்டாரத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது, படத்தில் உள்ளவரை நேரில் கண்ட ஒருவரேனும் இரு வீட்டாருக்கும் தெரிந்தவராக இருப்பது இயல்பு. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்திலோ உறவினர் வீட்டு விசேடத்திலோ பெண்ணையும் பிள்ளையையும் பார்த்தவர்கள் இருப்பர். படம் சற்று மிகையாக இருந்தாலும் உள்ளதைச் சொல்ல ஆள் இருந்தது.

மணமகன் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ பணியாற்றுபவராக இருக்கும்போது இந்நிலை மாறுகிறது. இரு வீட்டாருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் எவரும் இருப்பதில்லை. பார்த்துவரச் செலவும் விடுப்பும் தேவைப்படுகின்றன. ஆகவே நேரில் செல்லும் முன்னர் எடுக்கப்படும் முடிவின் சுமை முழுவதும் ஒளிப்படத்தின் மீது விழுகிறது.

வரலாறு

ஒளிப்பட நிலையக் காலம்

சென்னையில் 1856 ஆம் ஆண்டிலேயே ஒளிப்படச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒளிப்பட நிலையங்கள் சிறு நகரங்களுக்கும் பரவின. தமிழகத்தின் பழைய நிலையங்களில் எஞ்சியிருந்த படங்களையும் எதிர்ப்படங்களையும் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் எண்மப்படுத்தியுள்ளனர். தீட்டப்பட்ட பின்திரை, பூச்சாடி, நாற்காலி, கைக்கடிகாரம் முதலியன அக்கால நிலையப் படங்களில் பரவலாகக் காணப்படுபவை. தம்மை எவ்வாறு பிறர் காணவேண்டும் என்று மக்கள் விரும்பினர் என்பதை இப்பொருட்கள் காட்டுகின்றன.

தொடக்ககால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்பு ஒளிக்கு மிகக் குறைவாகவும் துலங்கின. இதனால் பழுப்பு நிறத் தோல், கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாகப் படத்தில் பதிந்தது. எனவே நிலையக்காரர் முகத்துக்கு மாவு பூசச் செய்ததும் பின்னர் எதிர்ப்படத்தைத் திருத்தியதும் ஓரளவுக்குக் கருவியின் குறையை ஈடுசெய்யும் முயற்சியாகவும் இருந்தன எனலாம்.

"டச்சிங்" வேலை பின்வருமாறு செய்யப்பட்டது. முகத்திலுள்ள கரும்புள்ளியோ தழும்போ எதிர்ப்படத்தில் தெளிந்த புள்ளியாகத் தெரியும். பென்சில் பற்றும் வகையில் எதிர்ப்படத்தின் மீது ஒருவகை மெழுகெண்ணெய் தடவப்படும். பின்னர், பின்புறமிருந்து ஒளி வரும் சாய்மேசையில் அதனை வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் அத்தெளிந்த புள்ளிகள் நிரப்பப்படும். நிரப்பப்பட்ட இடம் அச்சில் வெளுப்பாகும். மாறாக, அடர்ந்த இடங்களைக் கத்தியின் நுனியால் சுரண்டினால் அவை அச்சில் கருமையாகும். கருப்பு வெள்ளைப் படங்களுக்கு நீர்வண்ணத்தால் கன்னத்திலும் உதட்டிலும் புடவையிலும் நிறமூட்டும் வழக்கமும் இருந்தது.

35 மில்லிமீட்டர் வண்ணச்சுருள் பரவியபோது இக்கைவேலை குறைந்தது. அதன் எதிர்ப்படம் பென்சிலால் தொட இயலாத அளவுக்குச் சிறியது. திருத்தவேண்டியவை பெரும்பாலும் விளக்கொளியாலும் ஒப்பனையாலும் செய்யப்பட்டன.

நாட்காட்டி ஓவியங்களின் தாக்கம்

ஓர் அழகிய முகம் எவ்வாறு இருக்கவேண்டும் என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் நாட்காட்டிப் படங்களாலும் வளர்க்கப்பட்டது. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் அண்மையிலுள்ள சிவகாசி, நாட்காட்டி அச்சுத்தொழிலின் முதன்மை மையங்களுள் ஒன்று. அங்கு அச்சிடப்பட்ட படங்கள் பலவற்றை வரைந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராசு (1898-1976) ஆவார். நாடகக் குழுவில் திரைச்சீலை வரைந்துவந்த இவர், 1940களில் கோவில்பட்டியில் தங்கி, அங்கு ஒளிப்பட நிலையத் தொழிலுடன் இணைந்து ஓவியப் பணியாற்றினார். மு. இராமலிங்கம், தி. சு. சுப்பையா முதலியோர் இவருடைய மாணவர்கள். தழும்பற்ற வழவழப்பான தோலும் உருண்டை முகமும் பெரிய கண்களும் கொண்ட தெய்வ உருவங்கள் வீட்டுச் சுவர்களில் ஆண்டு முழுவதும் தொங்கின. ஒளிப்படத்தைத் திருத்தியவர்களும் தெய்வ முகத்தை வரைந்தவர்களும் ஒரே தொழிற்சூழலைச் சேர்ந்தவர்களாக இருந்தமை இங்கு குறிப்பிடத்தக்கது.

இணையதளங்களின் வருகை

அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றிய முருகவேல் சானகிராமன், 1997 இல் தமிழர்களுக்கான ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். அதில் இடம்பெற்ற வரன் பகுதி பெற்ற வரவேற்பைக் கண்டு, 2000 இல் பாரத் மேட்ரிமோனி தளத்தை ஏற்படுத்தினார். தமிழ் மேட்ரிமோனி அதன் மொழிவாரிப் பிரிவுகளுள் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் 2017 இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. மும்பையில் அனுபம் மிட்டல் தொடங்கிய சாதி.காம் தளமும் 1990களின் பிற்பகுதியைச் சேர்ந்ததே.

துணை தேடும் செயலிகளுள் டிண்டர் 2012 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த ஐல் நிறுவனம் 2020களின் தொடக்கத்தில் தமிழ் பேசுவோருக்கென "அன்பே" என்ற செயலியை அறிமுகப்படுத்தியது. திருமணத் தளங்களில் பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் பக்கத்தைப் பேணுவது வழக்கம். செயலிகளில் உரியவரே பேணுவார். ஆயினும் இரண்டிலும் முதலில் கண்ணில் படுவது ஒளிப்படமே ஆகும்.

தேடலின் முடிவுகள் சிறுபடங்களின் வரிசையாகத் திரையில் தோன்றுகின்றன. அச்சிறிய அளவில் திருத்தத்தின் தடயங்கள் புலப்படுவதில்லை. மேலும், ஒரு படம் தனித்துப் பார்க்கப்படாமல் அருகிலுள்ள படங்களுடன் ஒப்பிட்டே பார்க்கப்படுகிறது. அருகிலுள்ளவை திருத்தப்பட்டவையாக இருப்பின், திருத்தப்படாத படம் மங்கலாகத் தோன்றும். இதனால், திருத்த விரும்பாதவரும் திருத்தும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

திருத்தும் முறைகள்

தாமசு நோல், சான் நோல் ஆகிய சகோதரர்கள் உருவாக்கிய போட்டோசாப் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990 இல் வெளியிட்டது. 2000 இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பில் முக வடிவை இழுத்து மாற்றும் கருவியும், 2002 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் தழும்புகளைச் சுற்றியுள்ள தோலைக் கொண்டு மறைக்கும் கருவியும் சேர்க்கப்பட்டன. முன்னர் பயிற்சி பெற்றவர் செய்த இவ்வேலைகளை இன்று திறன்பேசிச் செயலிகள் ஓர் அழுத்தலில் செய்கின்றன. 2013 இல் வெளிவந்த பேசுடியூன் இவ்வகைச் செயலிகளுள் பெயர்பெற்றது.

வரன் ஒளிப்படங்களில் காணப்படும் மாற்றங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

ஒளி, நிறத் திருத்தம்: ஒவ்வொரு படவணுவின் ஒளிர்வு மதிப்பும் உயர்த்தப்படுகிறது. படம் முழுவதையும் தெளிவாக்குவது ஒரு வகை. தோலின் நிறத்தை மட்டும் கண்டறிந்து வெளுப்பாக்குவது மற்றொரு வகை. முன்னது ஒளிக்குறைவைச் சரிசெய்கிறது, பின்னது ஆளின் நிறத்தையே மாற்றுகிறது.

மென்மையாக்கல்: அருகருகே உள்ள படவணுக்களின் மதிப்பைச் சராசரி செய்து, தோலின் துளைகளையும் சுருக்கங்களையும் மறைக்கும் முறை. சாதாரணச் சராசரி செய்தால் கண், உதடு ஆகியவற்றின் விளிம்பும் மங்கிவிடும். ஆகவே ஒளிர்வில் பெரிய வேறுபாடுள்ள விளிம்புகளை விட்டுவிட்டு, சிறு வேறுபாடுகளை மட்டும் சமப்படுத்தும் படிமுறைகள் பயன்படுத்தப்படுகின்றன.

வடிவ மாற்றம்: கண், மூக்கு, தாடை முதலியவற்றின் இடங்களைச் செயலி புள்ளிகளாகக் கண்டறிகிறது. அப்புள்ளிகளை நகர்த்துவதன் மூலம் தாடை ஒடுங்கவும் கண் பெரிதாகவும் செய்யப்படுகின்றன.

தேர்ந்தெடுத்தல்: பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்தை இடுதல், குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் எடுத்த படத்தை இடுதல் ஆகியன. மென்பொருள் ஏதும் பயன்படாவிடினும் இவையும் தோற்றத்தை மாற்றிக் காட்டுபவையே.

இவை அனைத்தும் அறிந்தே செய்யப்படுபவை எனக் கொள்ள இயலாது. சில திறன்பேசிகளில் முகத்தை அழகுபடுத்தும் வசதி, வாங்கும்போதே இயங்கு நிலையில் வைக்கப்பட்டிருக்கும். அதனை நிறுத்த அறியாதவர் எடுக்கும் எல்லாப் படங்களும் திருத்தப்பட்டவையே ஆகும்.

திருத்தப்படாத படமும் உள்ளதை உள்ளவாறு காட்டுவதில்லை. முகத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கப்படும் தற்படத்தில், 1.5 மீட்டர் தொலைவில் எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தோன்றும் என்று 2018 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டுள்ளது. நிறத்தைப் பொறுத்தவரை, வண்ணச்சுருளின் தரம் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்களின் மாதிரிப் படங்களைக் கொண்டே சரிபார்க்கப்பட்டது. இதனால் கருமையான தோலின் நுண்மைகள் படத்தில் சரிவரப் பதியவில்லை. இக்குறையைப் போக்கும் நோக்குடன் கூகுள் நிறுவனம் 2021 இல் தன் பிக்சல் பேசிகளில் தனி வசதியை அறிமுகப்படுத்தியது.

முதல் எண்ணம் உருவாகும் விதம்

ஒருவரைப் பற்றிய முதல் எண்ணம் மிக விரைவாகத் தோன்றுகிறது. பிரின்சுடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சானின் வில்லிசு, அலெக்சாண்டர் தொதோரவ் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்ற முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கண்டவர்களும், நேர வரம்பின்றிக் கண்டவர்களும் நம்பகம், கவர்ச்சி, திறமை முதலியவை குறித்துப் பெரிதும் ஒத்த முடிவுகளையே அளித்தனர். கூடுதல் நேரம் அளிக்கப்பட்டபோது தம் முடிவின் மீது அவர்கள் கொண்ட உறுதி கூடியது. நெடுநேரம் படத்தைப் பார்த்தபின் முடிவெடுத்ததாக ஒருவர் எண்ணினாலும், அவருடைய முடிவு முதல் நொடியிலேயே தோன்றியதாக இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

இரண்டாவதாக, தோற்றத்தைப் பற்றிய எண்ணம் குணத்தைப் பற்றிய எண்ணமாக விரிகிறது. இதனை உளவியலில் ஒளிவட்ட விளைவு என்பர். எட்வர்டு தோர்ண்டைக்கு 1920 இல் இதனை விளக்கினார். 1972 இல் கேரன் தியோன், எலன் பெர்சைடு, இலேன் வால்சுடர் ஆகியோர் நடத்திய ஆய்வில், படத்தில் அழகாகத் தோன்றியவர்கள் இனிய குணமும் நல்ல மணவாழ்வும் உடையவர்களாக இருப்பர் என்று பங்கேற்றோர் கருதினர். பருவை நீக்கியவர் தம் குணத்தைப் பற்றி ஏதும் கூறவில்லை. ஆயினும் பார்ப்பவர் அதனையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்.

மூன்றாவதாக, முதலில் அறிந்த செய்தி பின்னர் அறியும் செய்திகளுக்குப் பொருள் தருகிறது. சாலமன் ஆசு 1946 இல் நடத்திய சோதனைகளில், ஒரே பண்புச் சொற்களின் பட்டியல் நல்ல பண்புகளில் தொடங்கியபோது ஒருவிதமாகவும் தீய பண்புகளில் தொடங்கியபோது வேறுவிதமாகவும் மதிப்பிடப்பட்டது. வரன் பக்கத்தில் படம் முதலில் வருவதால், கல்வி, பணி, குடும்பம் ஆகிய விவரங்கள் அப்படம் ஏற்படுத்திய எண்ணத்தின் ஊடாகவே படிக்கப்படுகின்றன.

நான்காவதாக, தெரியாதவற்றைக் கற்பனை நிரப்புகிறது. எழுத்து வழியே மட்டும் பழகுவோர், கிடைத்த சில குறிப்புகளைக் கொண்டு மற்றவரை உள்ளதைவிட உயர்வாக எண்ணிக்கொள்வதை சோசப்பு வால்தர் 1996 இல் விளக்கினார். சந்திப்புக்கு முன்பு நெடுங்காலம் செய்தி பரிமாறிக்கொள்வோருக்கு இவ்விடைவெளி பெரிதாகிறது.

ஒரே ஆளின் வெவ்வேறு படங்கள் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு 2011 இல் ராப் சென்கின்சும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். நெதர்லாந்தைச் சேர்ந்த இரு பிரபலங்களின் 40 படங்கள், அவர்களை அறியாத பிரித்தானியர்களிடம் ஆள்வாரியாகப் பிரிக்குமாறு அளிக்கப்பட்டன. அவற்றில் ஏழெட்டுப் பேர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இருப்பதாகவே பலரும் கருதினர். எனவே ஒற்றைப் படத்தைக் கொண்டு அறிமுகமற்றவரின் தோற்றத்தை அறிவது, திருத்தம் இல்லாதபோதும் கடினமே.

நேர்ச் சந்திப்பில் ஏற்படும் விளைவு

செப்ரி ஆன்காக்கு, கத்தலினா தோமா ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழித் துணை தேடும் 54 பேரின் பக்கப் படங்கள், ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட படங்களுடன் ஒப்பிடப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு படங்கள் உரியவரைச் சரியாகக் காட்டவில்லை என நடுநிலையாளர்கள் மதிப்பிட்டனர். ஆனால் உரியவர்கள் தம் படங்கள் பெரிதும் சரியானவை என்றே கருதினர். இவ்விருவரும் 2010 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தோற்றத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களே படத்தை மேம்படுத்துவதில் கூடுதல் நாட்டம் காட்டியதாகக் கண்டறியப்பட்டது. புறக்கணிப்புக்கு அஞ்சுபவரே திருத்துகிறார் என இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இவை அமெரிக்காவில் தனியாட்கள் துணை தேடும் சூழலில் செய்யப்பட்ட ஆய்வுகள். தமிழகத்தில் முதல் சந்திப்பு இரு குடும்பங்கள் முன்னிலையில் நிகழ்வதால் விளைவின் தன்மை வேறுபடுகிறது. திருத்தப்பட்ட படத்தைக் கண்டு வருபவர்கள், வந்தவுடன் நேரில் உள்ளவரைப் படத்துடன் ஒப்பிடுகின்றனர். சாதாரணப் படத்தை மட்டும் கண்டு வந்திருந்தால் அவர்களுக்குப் பிடித்திருக்கக்கூடிய அதே முகம், படத்துக்குக் குறைவானதாகத் தோன்றுகிறது. படம் ஈட்டித் தந்த மதிப்பை நேரில் வரும் ஆள் திருப்பிச் செலுத்தவேண்டியதாகிறது.

மறுப்பு வெளிப்படையாகக் கூறப்படுவது அரிது. "ஜாதகம் சரியாக அமையவில்லை", "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்பன போன்ற விடைகளே வரும். இது மற்றவர் மனம் நோகாதிருக்கும் பொருட்டு அமைந்த வழக்கம். ஆயினும், உண்மைக் காரணத்தை அறியாத பெண் வீட்டார், அடுத்த வரனுக்கு மேலும் திருத்திய படத்தை அனுப்ப முற்படலாம். அவ்வாறாயின் அடுத்த சந்திப்பிலும் அதே இடைவெளி தோன்றும். பலமுறை இவ்வாறு நிகழும்போது, குறை தன் முகத்தில் உள்ளது என்ற எண்ணம் அப்பெண்ணின் மனத்தில் பதியும் அபாயம் உண்டு. உண்மையில் அங்கு ஒப்பிடப்பட்டது அவருடைய முகமும் மற்றொருவர் முகமும் அன்று, அவருடைய முகமும் அவருடைய திருத்தப்பட்ட படமுமே ஆகும்.

படம் பொய்த்தது என்று தெரிந்தபின், பக்கத்தில் கூறப்பட்டுள்ள சம்பளம், கல்வி, வயது முதலியனவும் ஐயத்துக்குள்ளாகின்றன. தோற்றம் குறித்த ஏமாற்றத்தைவிட நம்பிக்கை குறித்த இவ்வையமே பல நேரங்களில் பேச்சை முறிக்கிறது.

நிறமும் பாலின வேறுபாடும்

தமிழில் வெளுத்த தோலைக் குறிக்கச் "சிவப்பு" என்ற சொல் வழங்குகிறது. திருமண விளம்பரங்களில் "சிவந்த நிறம்", "மாநிறம்" போன்ற சொற்கள் நாளிதழ்க் காலத்திலிருந்தே இடம்பெற்று வருகின்றன. இணையதளங்களும் நிறத்துக்கெனத் தனிப் புலத்தை ஏற்படுத்தி, மிகச் சிவப்பு முதல் கருமை வரை வகைப்படுத்தின. நிறம் ஒரு தேடல் அளவுகோலாக ஆனபோது, படத்தில் நிறத்தை மாற்றுவது தேடலில் இடம்பெறுவதற்கான வழியாகவும் ஆயிற்று.

1975 இல் இந்தியச் சந்தைக்கு வந்த பேர் அண்டு லவ்லி பசையின் விளம்பரங்கள், வெளுத்த நிறத்தைத் திருமணத்துடனும் வேலைவாய்ப்புடனும் தொடர்புபடுத்தின. கருமையான நிறமுடையோரை மணவாழ்விலோ பணியிலோ குறைந்தவர்களாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014 இல் நெறிமுறை வகுத்தது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆப் வொர்த் அமைப்பு "கருமையும் அழகே" என்ற பொருளுடைய பரப்புரையை 2009 இல் தொடங்கியது. 2020 சூனில், இணையத்தில் எழுந்த கையொப்ப வேண்டுகோளைத் தொடர்ந்து சாதி.காம் தன் தேடல் பகுதியிலிருந்த நிறத் தெரிவை நீக்கியது. அதே ஆண்டில் பேர் அண்டு லவ்லியின் பெயர் குளோ அண்டு லவ்லி என மாற்றப்பட்டது.

செயலிகளும் இச்சார்பிலிருந்து விடுபட்டவையல்ல. 2017 இல் பேசாப் செயலியின் அழகூட்டும் வசதி முகங்களை வெளுப்பாக்கியது கண்டனத்துக்குள்ளானது. பயிற்சித் தரவில் இருந்த சார்பே காரணம் என்று கூறி அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

ஆண்களும் படங்களைத் திருத்துகின்றனர். வழுக்கையை மறைத்தல், உயரமாகத் தோன்றும் கோணத்தில் எடுத்தல், முந்தைய ஆண்டுகளின் படத்தை இடுதல் முதலியன இதில் அடங்கும். எனினும் ஆணின் வரன் மதிப்பில் வேலையும் வருவாயும் பெரும்பங்கு பெறுவதால், தோற்றத்தின் மீதான அழுத்தம் பெண்கள் மீதே கூடுதலாக விழுகிறது. பெண்ணின் படத்தைத் திருத்துமாறு கேட்பவர் பல நேரங்களில் அப்பெண்ணாக இல்லாமல் பெற்றோராகவோ உறவினராகவோ இருப்பதும் உண்டு.

ஆள்மாறாட்டமும் சரிபார்ப்பும்

திருத்தப்பட்ட படமும் திருடப்பட்ட படமும் வேறானவை. மற்றொருவரின் படத்தைத் தம்முடையதாக இட்டுப் பணம் பறிக்கும் மோசடிகள் திருமணத் தளங்களிலும் நிகழ்கின்றன. பெண்களின் படங்களை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துவதும் நிகழ்கிறது. இதனால் சில தளங்கள் படத்தின் மீது நீர்க்குறி இடுதல், கடவுச்சொல் பெற்றவர் மட்டும் பார்க்குமாறு செய்தல் ஆகிய வசதிகளை அளிக்கின்றன. டிண்டர் 2020 இல் படச் சரிபார்ப்பு முறையை அறிமுகப்படுத்தியது. இதில் பயனர் அவ்வேளையில் எடுக்கும் தற்படம் பக்கத்திலுள்ள படங்களுடன் ஒப்பிடப்படுகிறது. இம்முறை ஆள் ஒருவரே என்பதை உறுதிசெய்ய முயல்கிறது. தோலின் நிறமோ தாடையின் அளவோ திருத்தப்படவில்லை என்பதற்கு அது உறுதி அளிப்பதில்லை.

பயனர்கள் தாமே செய்யக்கூடிய எளிய சரிபார்ப்புகளும் உள்ளன. படத்தைக் கொண்டு தேடும் தேடுபொறி வசதி, திருடப்பட்ட படங்களைக் கண்டறிய உதவும். வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஒளியில் எடுத்த சில படங்களைக் கேட்கலாம். படத்தில் முகத்தின் அருகேயுள்ள கதவு, தூண் போன்ற நேர்கோடுகள் வளைந்திருப்பின், முகவடிவு இழுக்கப்பட்டிருக்கக்கூடும். முகத்தின் நிறமும் கழுத்து, கைகளின் நிறமும் பெரிதும் வேறுபடுவது மற்றோர் அறிகுறி. பெண் பார்க்கச் செல்லுமுன் குறுகிய நேரம் காணொளி அழைப்பில் பேசுவது இரு வீட்டாரின் அலைச்சலையும் மனவருத்தத்தையும் குறைக்கும். எனினும் காணொளியிலும் அழகூட்டும் வசதிகள் இயங்கும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

சட்டநிலை

இந்து திருமணச் சட்டம், 1955 இன் 12 ஆம் பிரிவு, திருமணத்திற்கான இசைவு வன்முறையாலோ மோசடியாலோ பெறப்பட்டிருந்தால் அத்திருமணத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோருவதற்கு இடமளிக்கிறது. 1976 திருத்தத்தின் பின்னர், எதிர்த்தரப்பினர் குறித்த இன்றியமையாத உண்மை பற்றிய மோசடியும் இதில் அடங்கும். மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடரவேண்டும். உண்மை தெரிந்த பின்னும் விருப்பத்துடன் சேர்ந்து வாழ்ந்திருப்பின் இவ்வுரிமை கிட்டாது. நேரில் பார்த்துப் பேசிய பின்னரே திருமணம் நிகழ்வதால், வெளுப்பாக்கப்பட்ட படம் மட்டுமே இத்தகைய வழக்குக்கு அடிப்படையாவது கடினம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இல் 2008 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66ஈ பிரிவு (ஆங்கில வரிசையில் நான்காம் எழுத்துக்குரியது), கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் உரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. திருமண இணையதளங்கள் பயனரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்கவேண்டும் என்பது உள்ளிட்ட அறிவுரைகளை இந்திய அரசு 2016 சூனில் வெளியிட்டது. இணையக் குற்றங்கள் குறித்து 1930 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம்.

பிற நாடுகளில், உடல் வடிவு திருத்தப்பட்ட வணிகப் படங்களில் அதனைக் குறிப்பிடவேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபரிலும், அதனையொத்த சட்டம் நார்வேயில் 2022 சூலையிலும் நடைமுறைக்கு வந்தன. இவை விளம்பரங்களுக்குரியவை. தனியாட்கள் தம் வரன் பக்கத்தில் இடும் படங்களை இவை கட்டுப்படுத்துவதில்லை.

திருத்தத்தின் எல்லை

எந்த அளவு திருத்தம் ஏற்கத்தக்கது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. விசேடத்துக்குச் செல்பவர் நல்ல உடை உடுத்துவதைப் போன்றதே படத்தைச் செம்மைசெய்வது என்பது ஒரு தரப்பு. வாழ்நாள் முழுவதும் உடனிருக்கப் போகும் ஒருவரிடம் முதல் அறிமுகத்திலேயே மாற்றிக் காட்டுவது முறையன்று என்பது மறுதரப்பு.

நடைமுறையில் பயன்படக்கூடிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒளிக்குறைவு, தற்படக் கோணத்தால் ஏற்படும் மூக்கின் பெருக்கம், ஓரிரு நாளில் மறையும் பரு ஆகியன படம் எடுத்த வேளைக்கு உரியவை. அவற்றைச் சரிசெய்தபின் படம் ஆளுக்கு நெருங்கியே வருகிறது. தோலின் நிறம், முகத்தின் வடிவு, வயது ஆகியன ஆளுக்கு உரியவை. அவற்றை மாற்றினால் படம் ஆளிடமிருந்து விலகுகிறது. பிளவக்கல் போன்ற ஊரில் எடுக்கப்பட்டுத் தொலைதூர நகரில் பார்க்கப்படும் ஒரு படத்தைத் திருத்திச் சொல்ல இடையில் எவரும் இல்லை. அங்கு வந்து சேர்பவர்கள் யாரைத் தேடி வந்தார்களோ அவரே வாசலில் நிற்பது, பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒருங்கே நன்மை தருவதாகும்.